பிள்ளையாரிடம் சொன்ன விலை

பதிகம் பாடுகிறவன் சாதுவானவனாகத்தான் இருப்பான் என்று பலர் எண்ணுகிறார்கள். இசையை மட்டும் கேட்டுப் பொருளைக் கேளாதவர்களின் எண்ணம் அது. யானையின் தோலைப் பச்சையாக உரித்துப் போர்த்தவன், சிரித்தே மூன்று நகரங்களை எரித்தவன், காலனைக் காலால் உதைத்து வீழ்த்தியவன்: இவனைத்தான் நான் ஐந்து வயது முதல் காலையும் மாலையும் பாடி வருகிறேன். ஆகவே, இருபத்து நான்கு ஆண்டுகள் இந்த நாட்டு இராணுவத்தின் சீருடை அணிந்து ஒரு வாகனத் திருத்தகத்தில் வேலை செய்தேன் என்று நான் சொல்லும்போது வியப்பவர்களிடம், அதில் எனக்கொரு முரணும் தெரியவில்லை என்றே சொல்வேன். நான் வெட்கப்படுவது வேறொன்றுக்கு. அதை இதுவரை, மனைவியைத் தவிர, ஒருவரிடம் மட்டுமே முழுமையாகச் சொல்லியிருக்கிறேன்.

பத்தொன்பது வயதில், வேறொரு நாட்டு இராணுவம் ஒரு சோதனைச் சாவடியில் என்னை நிலத்தில் கிடத்திச் சப்பாத்துக் காலால் மிதித்தது. இரண்டு விலா எலும்பும் மூன்று பல்லும் அன்று போயின. ரொறன்ரோவுக்கு வந்து வாகன ரயர்க் கடைகளில் பத்தாண்டுக்கு மேல் உழைத்தபின், முப்பத்து நான்காவது வயதில், வாகனத் திருத்துநராக இராணுவத்தில் சேர மனுப் போட்டேன். மனைவி மூன்று நாள் என்னோடு பேசவில்லை. கோயிலில் அதன்பின் எனக்கு வேறு பெயர் இருக்கவில்லை. எல்லோருக்கும் நான் "ஆமி அண்ணை"தான். சிலர் அதை அன்போடு சொன்னார்கள். சிலர் சொன்னபோது அதற்குள் ஊசி இருந்தது. சம்பளம் ஒழுங்காக வந்தது, விடியற்காலைப் பூசைக்கு நேரம் கிடைத்தது. எனக்கு அவை போதும்.

எங்கள் திருத்தகம் நகரத்தின் வட எல்லையில் இருந்தது. ஏழு பேர். அந்த ஏழு பேரில் ஒருவர் எங்கள் தலைவர், ஒரு சார்ஜன்ட். தூர தேசத்துப் போர் ஒன்றில் இரண்டு முறை இருந்து திரும்பியவர். அவரைப் போல வாகனத்தின் நோயைக் காதால் அறிபவரை நான் கண்டதில்லை. அவரைப் போல அடிப்பவரையும் கண்டதில்லை. முட்டுக் கொடுக்காமல் ட்றக்கின் அடியில் படுத்த ஒருவன் மீது ஒருமுறை சுத்தியலை எறிந்தார். அது அவன் காதோரமாகப் போய்ச் சுவர்ப் பலகையைத் துளைத்துக்கொண்டு நின்றது. அந்தத் துளையை அடைக்க விடவில்லை. அதைச் சுற்றிச் சிவப்புப் பூச்சால் ஒரு வட்டம் போட்டு, புதிதாக வருபவர்களுக்கு முதல் நாளில் அதைக் காட்டுவார். இன்னொரு முறை ஒரு வண்டிச் சில்லு வெடித்து அதன் இரும்பு வளையம் ஒருவனின் தாடையைப் பெயர்த்தது. இரத்தம் கூரைத் தகரம்வரை தெறித்தது. சார்ஜன்ட் அவன் தாடையை இரு கைகளாலும் தாங்கிப் பிடித்தபடி மருத்துவ வண்டி வரும்வரை முழங்காலில் நின்றார். தாங்கவும் எறியவும் அவருக்கு ஒரே கைகள்தான் இருந்தன.

உதிரிப்பாகக் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக ஒரு கோப்ரல் இருந்தார்; எங்களுக்கு அவர் களஞ்சியக்காரர். கிழக்குக் கடலோரத் தீவில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர், குறைவாகப் பேசுபவர், எனக்கு எட்டு ஆண்டு பின்னால் அங்கே வந்தவர். நான் மரக்கறி மட்டும் உண்பவன் என்று அறிந்த முதல் வாரமே, களஞ்சியக் குளிர்ப்பெட்டியில் மேல்தட்டைத் துடைத்து, அதில் இறைச்சி வைக்கக் கூடாதென்று எழுதி ஒட்டினார். ஒருவன் வேண்டுமென்றே அங்கே கோழிக்கறிப் பெட்டியை வைத்தபோது, அதை எடுத்து வெளியே பனிக்குள் எறிந்துவிட்டுத் தன் கதிரையில் போய் இருந்தார். பதினாறு ஆண்டுகள் அந்தத் தட்டு எனக்கென்றே இருந்தது.

ஒருநாள் காலை கட்டளை அதிகாரி எங்களை வரிசையில் நிறுத்தி ஒரு கடிதத்தை வாசித்தார். வாகனத் திருத்த வேலை இனி வெளி நிறுவனம் ஒன்றிடம் கொடுக்கப்படும். டெண்டர் கோரப்படும். இப்போது அந்த வேலையைச் செய்பவர்களும் விரும்பினால் ஒரு நிறுவனமாகச் சேர்ந்து விலை கொடுக்கலாம். வென்றால் சீருடையைக் கழற்றிவிட்டு, அதே கொட்டிலில், அதே வண்டிகளை, ஒப்பந்தக்காரர்களாகத் திருத்தலாம். தோற்றால் சிலர் வேறு முகாம்களுக்குப் போகலாம். மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்.

அதிகாரி போகும்வரை சார்ஜன்ட் விறைப்பாக நின்றார். பிறகு, நம் வேலைக்கு நம்மிடமே விலை கேட்கிறார்கள் என்றார். அடுத்த கணம் அருகில் நின்ற எண்ணெய்ப் பீப்பாவை உதைத்தார். அது உருண்டுபோய் ஒருவனின் கணுக்காலில் மோதியது. அவன் நொண்டிக்கொண்டே அவருக்குப் பின்னால் களஞ்சியத்துக்குப் போனான். நாங்களும் போனோம். அன்று மாலையே ஏழு பேரும் ஒரு நிறுவனமானோம்.

நான்கு மாதங்கள் வேலை முடிந்தபின் களஞ்சியக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்து கணக்குப் பார்த்தோம். எந்த வண்டி எத்தனை மணி நேரம் தின்னும், எந்த இயந்திரம் எந்தக் குளிரில் சாகும் என்பதெல்லாம் எங்கள் விரல் நுனியில் இருந்தன. எதிரே ஒரு பெரிய நிறுவனம் நின்றது. அவர்களிடம் பணம் இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள். எங்களுக்கு அந்த அறிவு மட்டுமே இருந்தது. விலை முடிவான வியாழக்கிழமை, டெண்டர் மூடுவதற்கு இன்னும் ஐந்து நாள் இருக்கையில், சார்ஜன்ட் அந்தத் தொகையை ஒரு அட்டையில் எழுதி எல்லோருக்கும் காட்டி, பிறகு இரும்பு ஒட்டும் கருவியின் தீச்சுடரால் அந்த அட்டையை எரித்தார். சாம்பல் மேசையில் விழுந்தது. அதைத் தன் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே, மெதுவாகச் சொன்னார்:

"இது வெளியே போனால், யாருடைய வாயால் போனதோ அவனுடைய கையை உடைப்பேன். வாயை உடைத்தால் அவன் பிறகும் வேலை செய்வான்."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

இனி என் பங்கு. எங்கள் ஆட்களிடையே நேர்த்தி வைப்பதற்கு ஒரு முறை உண்டு. தெய்வத்திடம் பொதுப்படையாகக் கேட்கக் கூடாது. இன்ன காரியம், இன்ன நாளுக்குள், இன்ன அளவில் நடந்தால், இத்தனை தேங்காய் உடைப்பேன், இத்தனை நாள் விரதம் இருப்பேன் என்று வரையறுத்துச் சொல்ல வேண்டும். அளவு சொல்லாத நேர்த்தி நேர்த்தியாகாது என்று நான் உறுதியாக நம்பினேன். கேட்பதை ஒளித்துக் கேட்டால் கொடுப்பவன் எதைக் கொடுப்பான்? மேலும், எனக்குச் செய்யுள் இயற்றும் பழக்கம் உண்டு. அந்த வியாழன் இரவே எழுதத் தொடங்கி, பிள்ளையார் மீது ஒரு பதிகம் முடித்தேன். பத்துப் பாட்டிலும் தந்தை உரித்த யானையும் மகன் தாங்கிய யானை முகமும், எதிரிகளின் தலை நொறுங்கும் ஓசையும் வந்தன. பலன் சொல்லும் பதினோராம் பாட்டில் என் விண்ணப்பத்தை வைத்தேன்: எந்த முகாம், எந்த வேலை, எந்தத் தொகை. தொகையைப் பழைய எண்ணுப் பெயர்களால், சீர் பிறழாமல் அடுக்கினேன். அந்த அடுக்கில் எனக்கு ஒரு பெருமிதம் இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். அந்தத் தொகையை இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை வாய்விட்டது போதும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை மாலை, நகரத்தின் மில்லிக்கன் பகுதியில் கடைத்தொகுதி ஒன்றின் பின்புறமிருக்கும் எங்கள் கோயிலில், பூசை முடிந்தபின் அதைப் பாடினேன். வெள்ளிக்கிழமைகளில் நான் பாடுவது வழக்கம் என்பதால் குருக்கள் ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் அதை விலக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் சந்நிதியில் பிள்ளையாரும் நானும் மட்டுமே இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும். பின்னால் எண்பது பேர் நின்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து, வியாழக்கிழமை, முடிவு வந்தது. பெரிய நிறுவனம் வென்றிருந்தது. அவர்களுடைய விலை எங்கள் விலையைவிடச் சிறிதளவே குறைவு. ஒரு ட்றக்கின் சில்லுகளை மாற்றும் செலவுகூட வராத வேறுபாடு. சார்ஜன்ட் அந்தக் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். இது கணக்கால் வந்த வேறுபாடு இல்லை, எங்கள் விலையைத் தெரிந்துகொண்டு அதன் கீழே வைத்த வேறுபாடு என்றார். பிறகு சில்லு நட்டுக் கழற்றும் நீண்ட இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அன்று திருத்தி முடித்து நிறுத்தியிருந்த மூன்று வண்டிகளின் முன்கண்ணாடிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக, அவசரமே இல்லாமல் அடித்து நொறுக்கினார். கண்ணாடித் துகள் அவர் நெற்றியைக் கிழித்தது. இரத்தம் கண்ணுக்குள் வடிய வடிய உள்ளே வந்து, எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். பார்வை களஞ்சியக்காரரிடம் நின்றது.

காரணம் எல்லோருக்கும் தெரியும். களஞ்சியக்காரரின் மனைவியின் தம்பி அந்தப் பெரிய நிறுவனத்தில் வண்டி ஓட்டினான். அதை அவரே முதல் நாளில் எங்களிடம் சொல்லியிருந்தார். ஒளிக்காமல் சொன்னதுதான் இப்போது அவருக்கு எதிராக நின்றது. வெள்ளிக்கிழமை முழுவதும் அவரோடு ஒருவரும் பேசவில்லை. அவருடைய மேலங்கியை யாரோ கழிவு எண்ணெய்த் தொட்டிக்குள் போட்டிருந்தார்கள். அவர் அதை எடுத்துப் பிழிந்துவிட்டு, மேலங்கி இல்லாமல் பனிக்குள் நடந்து போனார். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அவர் செய்திருக்க மாட்டார் என்று நினைத்தேன். நினைத்ததை வாயால் சொல்லவில்லை.

சனிக்கிழமை கோயிலில் அன்னதானம். பந்தியில் எனக்குப் பாயசம் வார்த்தவர் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர். கண்ட முகம், பழகாத முகம். வாளியைக் கீழே வைத்துவிட்டு என் அருகில் குந்தினார்.

"ஆமி அண்ணை, உங்கட பதிகம் அருமை. கடைசிப் பாட்டு எனக்கு அப்பிடியே பாடம்."

எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? ஒரு நொடி மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டேன். அவர் அந்தப் பெரிய நிறுவனத்தின் பெயரைச் சொல்லி, அங்கே டெண்டர்களுக்கு விலை மதிப்பிடும் வேலை தன்னுடையது என்றார்.

கையில் இருந்த பாயசம் விரலிடுக்கால் ஒழுகி வேட்டியில் விழுந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு கடதாசித் துண்டை நீட்டினார்.

"நான் களவெடுக்கேல்லை அண்ணை. உங்கட பெட்டியை உடைச்சனானோ? ஸ்பீக்கரிலை பாடினது நீங்கள்."

"நான் பிள்ளையாருக்குச் சொன்னனான்."

"பிள்ளையாருக்குப் பக்கத்திலை நானும் நிண்டனான். சனம் நிக்கிற இடத்திலை சொன்னால் சனத்துக்கும் கேக்கும்தானே. எனக்கும் ரெண்டு பிள்ளையள், வீட்டுக் கடன். நீங்கள் உங்கட ஆமிக்காக நேர்ந்தியள், நான் என்ரை வீட்டுக்காக நேர்ந்தன். அவர் எனக்குத் தந்திட்டார்." எழுந்தவர் குனிந்து இன்னும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "உந்தக் கதையை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. உங்களுக்குத்தான் வெக்கம்."

அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த இலைக்குப் போனார். நேரம் மத்தியானம் ஒரு மணி. அந்த நேரத்தை நான் மறக்கவில்லை.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து முழுவதையும் கேட்டார். பதிகத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று: அந்த மனிசனை அவங்கள் என்ன செய்வாங்கள்? கையை உடைப்பேன் என்று சார்ஜன்ட் சொன்னதைச் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, இப்பவே போன் எடுத்துச் சொல்லுங்கோ."

"உது போனிலை சொல்லுற கதையில்லை. திங்கக்கிழமை நேரிலை சொல்லுறன்."

"திங்கள் வரைக்கும் அந்த மனிசன் என்னெண்டு நித்திரை கொள்ளும்?"

சார்ஜன்டின் தொலைபேசி எண் என்னிடம் இருந்தது. களஞ்சியக்காரரின் எண்ணும் இருந்தது. ஞாயிறு முழுவதும் அந்தக் கருவியை மேசையில் வைத்துவிட்டுப் பூசை அறையில் இருந்தேன். ஒரு சார்ஜன்டிடம், எங்கள் விலையை யானைமுகக் கடவுளுக்கு இசையோடு பாடினேன் என்று எந்த மொழியில் சொல்வது? அடியை விடச் சிரிப்புக்கு அஞ்சினேன். சிரிப்புக்குப் பின் வரும் அடிக்கும் அஞ்சினேன்.

திங்கட்கிழமை வழக்கம்போல் நான்கரைக்கு எழுந்தேன். திருத்தகத்தின் வாயிலைத் திறப்பது என் வேலை. இருபத்து நான்கு ஆண்டுகளில் நான் பிந்தியதில்லை. அன்று பூசையை முடித்த பின்னும் எழவில்லை. இன்னொரு பதிகம் பாடினேன். அது முடிந்ததும் இன்னொன்று. மனைவி இரண்டு முறை வாசலில் வந்து நின்று நேரத்தைச் சொன்னார். நான் கையால் சைகை காட்டிவிட்டுப் பாடிக்கொண்டிருந்தேன். பார்ப்பவர்களுக்கு அது பக்தியாகத் தெரிந்திருக்கும். எனக்கு அது என்னவென்று தெரியும். அச்சத்தில் கால் எழவில்லை. கால் எழாதவரை வாய் பாடியது. நாற்பது நிமிடம் பிந்திப் புறப்பட்டேன்.

வாயில் திறந்து கிடந்தது. உள்ளே இயந்திர ஓசை இல்லை. வேலை மேசையைச் சுற்றி நால்வர் நின்றார்கள். மேசையில் பூட்டிய இரும்புப் பிடி, நாங்கள் வைஸ் என்போமே, அதன் இரு தாடைகளுக்கிடையே களஞ்சியக்காரரின் வலது கை இருந்தது. சார்ஜன்ட் அதன் திருகு தடியைப் பிடித்திருந்தார். களஞ்சியக்காரரின் உதடு ஏற்கெனவே கிழிந்து தொங்கியது. ஒரு கண் மூடியிருந்தது. கத்தவில்லை. கத்துவதற்கான மூச்சை எல்லாம் நிற்பதற்குச் செலவழித்துக்கொண்டிருந்தார்.

யாரிடம் சொன்னாய் என்று சார்ஜன்ட் கேட்டார். ஒருவரிடமும் இல்லை என்றார் அவர். தடி கால் சுற்றுத் திரும்பியது. விரல்களின் நிறம் மாறியது.

"நான்தான் சொன்னேன்," என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் சொல்லத் தொடங்கினேன். கோயில், வெள்ளிக்கிழமை, பாட்டு, ஒலிவாங்கி, பாயசம் வார்த்தவன் என்று என் ஆங்கிலம் தடுக்கித் தடுக்கி விழுந்தது. ஒருவன் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டான். சார்ஜன்ட் சிரிக்கவில்லை. என்னைப் பரிவோடு பார்த்தார், அதுதான் கொடுமை.

"நீ நல்லவன்," என்றார். "அவன் உனக்கு ஒரு தட்டு ஒதுக்கித் தந்தான். அதற்காகப் பொய் சொல்கிறாய். வெளியே போய் நில்."

உண்மை என்று மறுபடியும் சொன்னேன். களஞ்சியக்காரர் ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தார். சார்ஜன்ட் இரு கைகளாலும் தடியைப் பிடித்து ஒரு முழுச் சுற்றுத் திருப்பினார்.

நான் வாழ்க்கையில் பல ஓசைகளைக் கேட்டிருக்கிறேன். எறிகணை விழுந்து வீடு இடியும் ஓசை, என் விலா முறிந்த ஓசை. இது அவற்றை விடச் சிறியது. காய்ந்த முருக்கம் சுள்ளியை ஒன்றன்பின் ஒன்றாக முறிப்பது போன்றது. அதற்குப் பின்னர்தான் அவர் கத்தினார்.

சுவரோரம் அந்த நீண்ட கம்பி சாய்ந்து நின்றது. அதை எடுத்து, சார்ஜன்டின் வலது தோளில் அடித்தேன். எலும்பு உடைந்ததைக் கம்பி வழியாகவே உணர்ந்தேன். அவர் தடியை விட்டுவிட்டு மேசையோடு சரிந்தார். இனி அவரால் திருக முடியாது. அதோடு போதும். நான் மறுபடியும் ஓங்கினேன். இரண்டாவது அடி முழங்கையில் விழுந்தது. அது விழுந்தபோது, நீண்ட பாட்டின் கடைசிச் சீர் தன் இடத்தில் வந்து அமரும்போது உண்டாகும் நிறைவு எனக்கு உண்டாயிற்று. சாவடியில் என்னை மிதித்த பழைய ஆமிக்காரனின் முகம் அந்த நேரம் தெரிந்தது என்று எழுதினால் வாசிப்பவர்கள் மன்னித்துவிடுவார்கள். தெரியவில்லை. சார்ஜன்டைத்தான் அடித்தேன். மூன்றாவதாக ஓங்கியபோது மற்றவர்கள் என்னைக் கீழே வீழ்த்தி, முதுகில் முழங்கால் வைத்து அமுக்கினார்கள். என் வாய்க்குள் எண்ணெயும் மண்ணும் போயின. அந்த நிலையில் கிடந்துகொண்டு, வைஸைத் திறவுங்கள், முதலில் வைஸைத் திறவுங்கள் என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேனாம். ஒருவருக்கும் விளங்கவில்லை. கடைசியில் களஞ்சியக்காரரே இடக்கையால் தடியைத் திருப்பித் தன் கையை எடுத்தார்.

இராணுவப் பொலிசார் வந்தார்கள். சார்ஜன்டுக்கும் எனக்கும் சேவை அத்தோடு முடிந்தது. அவருக்குச் சிறை, எனக்கு ஒத்திவைத்த தண்டனை. அது நீதிதான். ஆனால் ஒரு காரியம் தீரவில்லை. மற்ற நால்வரும் களஞ்சியக்காரர்தான் விற்றார் என்று விசாரணையிலும் சொன்னார்கள். என் வாக்குமூலத்தை, நண்பனுக்காக ஒரு பக்திமான் சொன்ன பொய் என்று அவர்கள் எல்லோரும் நம்பினார்கள். விலையைக் காட்டிக்கொடுத்தவர் என்று நிரூபணமானால் அவருடைய ஓய்வூதியமும் போகும். கை ஏற்கெனவே போயிருந்தது. மூன்று விரல்கள் இனி மடங்கா என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

மனைவிதான் நினைவூட்டினார், எங்கள் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பூசையை ஊரிலும் ஐரோப்பாவிலும் உள்ளவர்களுக்காக இணையத்தில் நேரலையாக ஒளிபரப்புகிறார்கள் என்று. அந்த நாளின் பதிவைத் தேடினோம். என் முதுகு இருந்தது. என் குரல் இருந்தது. அதைப் பொலிசாரிடம் கொடுத்தேன். மொழிபெயர்க்க ஒரு பெண்ணை அழைத்திருந்தார்கள். இங்கே பிறந்தவர், என் மகள் வயது. காதில் கருவியை மாட்டிக்கொண்டு பதினோராம் பாட்டை நான்கு முறை கேட்டார்.

"அங்கிள், சொறி. இதுக்குள்ள நம்பர் எங்க இருக்கு?"

சீர் சீராகப் பிரித்துச் சொன்னேன். அவர் ஒவ்வொரு இலக்கமாக எழுதினார். கடைசி இலக்கம் விழுந்ததும், எதிரே இருந்த அதிகாரி தன் கோப்பைத் திறந்து, ஒப்பிட்டு, மூடினார்.

"ரேட்டைப் போய் கோயில்ல பாடினீங்களா அங்கிள்?" என்று அந்தப் பெண் கேட்டார். ஏளனமில்லை; அவருக்கு உண்மையில் விளங்கவில்லை. ஓம் என்றேன்.

அந்த டெண்டர் இரத்தாயிற்று. மறுபடி கோரியபோது வேறொரு நிறுவனம் எடுத்தது. எங்கள் ஏழு பேரில் ஒருவரும் இன்று அங்கே இல்லை. பாயசம் வார்த்தவரை அதன்பின் கோயிலில் காணவில்லை. அவருக்கும் வேலை போயிருக்கும் என்று நினைக்கிறேன், விசாரிக்கவில்லை.

களஞ்சியக்காரர் மீது குற்றமில்லை என்ற கடிதம் அவருக்கு அஞ்சலில் போனதென்று கேள்விப்பட்ட மறுநாள், அவர் வீட்டுக்குப் போனேன். வோபர்ன் பகுதியில், மாடிக் கட்டடங்களுக்குப் பின்னால் ஒரு சிறிய வீடு. மாசி மாதக் குளிர். படிகளில் உப்புத் தூவியிருந்தது. அவரே கதவைத் திறந்தார். வலது கை பட்டியோடு கழுத்தில் தொங்கியது. உள்ளே வரச் சொல்லவில்லை. கடிதம் கிடைத்தது என்றார். நன்றி என்றும் சொன்னார். அந்தச் சொல்லை அவர் சொல்லியிருக்கக் கூடாது. அதை வாங்கிக்கொண்டு நான் திரும்பியிருக்கலாம். என் வாக்குமூலத்தில் பாயசம் வார்த்தவனை எப்போது சந்தித்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலையில் அறிந்து ஓடோடி வந்தேன் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கதவைச் சாத்தப் போனவர் நின்று, ஏதோ நினைத்தவராகக் கேட்டார்: "உனக்கு எப்போது தெரியும்?"

"சனிக்கிழமை," என்றேன். "மத்தியானம் ஒரு மணிக்கு."

அவர் மனத்துக்குள் எண்ணுவதைப் பார்த்தேன். சனி, ஞாயிறு, திங்கள் காலை.

"என்னுடைய எண் உன்னிடம் இருந்தது."

"இருந்தது."

"திங்கள் காலை நீ பிந்தி வந்தாய். நீ ஒருநாளும் பிந்தியதில்லை. அவர்கள் என் கையை உள்ளே வைத்தபோது நான் வாயிலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே இருந்தாய்?"

"பூசையில்."

இடக்கையால் அடித்தார். வலக்கைக்காரரின் இடக்கை என்றாலும், மீன்பிடி வலை இழுத்த குடும்பத்தின் கை. முகவாயில் விழுந்தது. படியில் பின்பக்கமாக விழுந்தேன். உப்புப் பரல்கள் உள்ளங்கையில் குத்தின. அவர் இறங்கி வந்து என் மேலங்கியைப் பிடித்துத் தூக்கி, இன்னொரு முறை அடித்தார். அவருடைய தொங்கிய கை என் மார்பில் இடித்தது. அந்த வலியில் அவர்தான் முனகினார். நான் கைகளைத் தூக்கவில்லை. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மேலே பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

சற்று நேரத்தில் அவர் மனைவி வெளியே வந்தார். என்னைப் பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டார். படியில் வழுக்கிவிட்டது என்றேன். அவர் என் உதட்டையும் கதவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு உள்ளே சென்று, உறைந்த பட்டாணிப் பொதி ஒன்றைக் கொண்டுவந்து தந்தார். கதவு பூட்டப்பட்ட ஓசை கேட்டது. இரத்தம் நிற்கும்வரை அதை முகத்தில் அழுத்திக்கொண்டு படியில் இருந்தேன். திருப்பிக் கொடுக்கக் கதவைத் தட்டத் துணிவு வரவில்லை. பொதியைப் படியின் ஓரத்தில், உப்புப் படாத இடத்தில் வைத்துவிட்டு, காரை நோக்கி நடந்தேன்.